குழாயின் ஒடுங்கிய முனை

முதல் நெருப்பு மூட்டிய அன்று அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், வீட்டுக்காரர், என்னோடு வேலை பார்க்கும் ஏசி மெக்கானிக். மெக்கானிக்கை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் மேனேஜர். அவர் ஜித்தாவில், ஷரஃபியாவில் இருக்கும் கடையில், விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் வீட்டுக்காரரின் மனைவி. அவர் அதே வீட்டில்தான் இருந்தார், உள்கதவுக்கு அந்தப் பக்கம். வேலைக்கு வந்த ஆண்கள் முன்னால் அவர் வரமாட்டார். இருமல் மட்டும் கேட்டது. அந்த இருமலுக்காகத்தான் நாங்கள் அடுப்பு மாட்ட வந்திருந்தோம்.

சவுதியின் வடக்கே, தபூக்கில் குளிர்காலம் உண்மையான குளிர்காலம். காலையில் வாளித் தண்ணீரின் மேல் ஐஸ் படர்ந்திருக்கும். அங்கே வசதியான வீடுகளில் விருந்தாளிகளை உட்கார வைக்க நெருப்புக்கென்றே ஓர் அறை உண்டு. மஷப் என்பார்கள். சுவரோரம் திறந்த கணப்பு, சுற்றிலும் மெத்தை, நடுவில் காப்பிக் கெண்டி. பார்க்க அழகுதான். ஆனால் திறந்த கணப்பில் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாகப் போய்விடும், புகையில் ஒரு பங்கு அறைக்குள் திரும்பிவிடும். இவர் மனைவிக்கு மூச்சிரைப்பு. டாக்டர் புகை ஆகாது என்று சொல்லிவிட்டார். நெருப்பில்லாத வீட்டுக்கு யார் வருவார்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். அதனால் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு.

எங்கள் கம்பெனி ஏசி கம்பெனி. குளிர்காலத்தில் வேலை இருக்காது. ஆட்களைச் சும்மா வைத்துச் சோறு போட முடியாது என்று மேனேஜர் இந்த அடுப்புகளை இறக்குமதி செய்து, எங்கள் இருவரையும் வடக்கே அனுப்பினார். நான் டிப்ளமோ. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள். அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"சவுதிக்குப் போயி அடுப்பு வைக்கிறியா?"

"குளிருதுப்பா இங்க."

"சவுதியிலயா?"

"ஆமாப்பா."

"சரி. யார்ட்டயும் சொல்லாத" என்று வைத்துவிட்டார்.

அடுப்போடு வந்த கையேட்டை முழுவதும் படித்தேன். எந்த விறகு, எவ்வளவு காய்ந்தது, காற்றை எப்போது திறப்பது, எப்போது குறைப்பது, எல்லாம் இருந்தது. புகைக்குழாய் பற்றி மட்டும் ஒரே வரி. தகுதியானவரைக் கொண்டு பொருத்திக்கொள்ளவும் என்று இருந்தது. தபூக்கில் அந்தத் தகுதியானவர்கள் நாங்கள்தான்.

குழாய் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முனை சற்று ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய முனையை அடுத்த துண்டுக்குள் செருகிக்கொண்டே போக வேண்டும். ஒடுங்கிய முனை மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் வரவே இல்லை. ஏசியின் காற்றுக் குழாயான டக்டில் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஒடுங்கிய முனை. அண்ணன் வயதில் பாதியை டக்ட் மாட்டியே கழித்தவர். நான் படித்ததும் அதேதான். புகை மேலே போகிறது. முனையும் மேலே பார்க்கட்டும்.

"காத்து எங்கிட்டுப் போகுதோ அங்கிட்டு மூஞ்சி" என்றார் அண்ணன். நான் கீழே பிடித்துக்கொண்டேன், அவர் மேலே செருகினார். மதியத்துக்குள் கூரை தாண்டிவிட்டோம்.

அன்று நெருப்பு நன்றாகப் பிடித்தது. பெரிய விறகைக் கீழே அடுக்கி, சிராய்களை மேலே வைத்து, மேலிருந்து பற்ற வைத்தேன். அப்படிப் பற்ற வைத்தால் கீழ் விறகிலிருந்து எழும் புகை மேலுள்ள தீக்குள்ளேயே எரிந்துவிடும். காற்றுத் துவாரம் முழுக்கத் திறந்திருந்தது. வீட்டுக்காரரை வெளியே கூட்டிப்போய்ப் புகைபோக்கியைக் காட்டினேன். மேலே அனல் மட்டும் நடுங்கியது. புகை இல்லை.

"மாஃபி துக்கான்!" என்றார் அவர். புகையே இல்லை என்று உள்கதவைப் பார்த்து மறுபடி சத்தமாகச் சொன்னார். பேரீச்சம்பழமும் காப்பியும் வந்தன.

மேனேஜரின் காகிதத்தை அண்ணன் நீட்டினார். வேலை முடிந்தது, திருப்தி என்று வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை. ஒரு மாதம் எரிக்கிறேன், அவள் இருமாமல் தூங்கினால் போடுகிறேன் என்று உருதும் அரபியும் கலந்து சொன்னார். அதில் தப்புச் சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அண்ணனுக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது. ஊரில் வீடு கட்டி முடித்துவிட்டார். தை மாதக் கடைசியில் கிரகப்பிரவேசம். பத்திரிகை அடித்தாயிற்று, டிக்கெட்டும் போட்டாயிற்று. கையெழுத்து வந்தால்தான் ரீ-என்ட்ரி விசா அடிப்பேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகமுடியாது. ஒரு மாதம் கழித்துக் கையெழுத்து என்றாலும் தேதிக்கு முன்னால்தான் வரும். அதனால் அண்ணன் கவலைப்படவில்லை. வேறு வீடுகளில் அடுப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். அங்கெல்லாம் கம்பெனி வேறு குழாய் கொடுத்திருந்தது. இரட்டைச் சுவர்க் குழாய், அம்புக்குறி போட்டது. அதை யாரும் மாற்றி மாட்ட முடியாது.

கெடு முடியும் நேரத்தில் வீட்டுக்காரர் வாட்ஸாப்பில் படம் அனுப்பினார். அறையின் ஒரு சுவர் முழுக்க ஜிப்சம் வேலைப்பாடு, வெள்ளை வெளேரென்று இருக்கும். அதில் குழாயை ஒட்டி மேலிருந்து கீழே காப்பிக் கலரில் கோடுகள் இறங்கியிருந்தன. கீழே கார்ப்பெட்டில் கறுப்பாக ஒரு திட்டு.

அந்த வாரம் மழை பெய்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, மேலே ஏறிக் குழாயைச் சுற்றி சிலிக்கான் பூசினோம். மறுநாள் மழை இல்லை. கோடுகள் கூடியிருந்தன. அண்ணன் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். தார் மாதிரி ஒட்டியது, கருகிய வாடை.

அடுப்பைத் திறந்தேன். கண்ணாடி உள்பக்கம் கறுத்திருந்தது. கண்ணாடி கறுத்தால் நெருப்பு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். வெளியே அடுக்கியிருந்த விறகில் இரண்டைத் தட்டிப் பார்த்தேன். காய்ந்த விறகு கணீரென்று கேட்கும். இது சொத்தென்றது. உள்ளூர் மரத்தை வெட்டி விற்கத் தடை இருப்பதால் கடையில் கப்பலில் வந்த விறகுதான். அதில் ஈரம் போகவில்லை. வீட்டுக்காரர் படுக்கப்போகும்போது பெரிய கட்டைகளை நிரப்பி, விடியும்வரை வரட்டுமென்று காற்றுத் துவாரத்தை அடைத்திருக்கிறார். அடைக்கக்கூடாதென்று நான் சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டியிருந்தார். ஈர விறகு, காற்றில்லாத நெருப்பு. புகை எரியாமல் மேலே போய், குழாயின் குளிர்ந்த பகுதியில் படிந்து, தாராக உருகிக் கீழே வழிந்திருக்கிறது.

வழிந்தது குழாய்க்குள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்திருந்தால் எரிந்துபோயிருக்கும். ஒடுங்கிய முனை மேலே பார்த்ததால், ஒவ்வொரு இணைப்பிலும் அது குழாய்க்கு வெளியே வந்தது. மேல் துண்டு கீழ்த் துண்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாட்டுகிறவன் யோசிக்காமல் செய்திருப்பான்.

அண்ணன் குழாயை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"தலகீழா மாட்டிட்டோம்டா" என்றார்.

அரை நாளில் கழற்றித் திருப்பி மாட்டினோம். விறகை மாற்றச் சொன்னோம். இரவில் சின்னச் சின்னதாக, காற்று விட்டு எரிக்கச் சொல்லி, துவாரத்தின் கைப்பிடியில் பாதிக்கு மேல் மூடாதபடி நான் ஒரு ஸ்குரூ வைத்துவிட்டேன். அடுப்பு சரியாகிவிட்டது. கண்ணாடி இரண்டு நாளில் தானே வெளுத்தது. சுவர்தான் மிச்சம்.

சுவரைத் தேய்த்துக் கழுவி வெள்ளை அடித்தோம். மாலையில் புதுச் சுவர் மாதிரி இருந்தது. காலையில் வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே கோடுகள், மஞ்சளாக. மறுபடி அடித்தோம். மறுபடி வந்தன. அண்ணன் அதற்குப் பேர் வைத்துவிட்டார்.

"என்னடா, மாப்ள வந்துட்டாப்லயா?" என்று வாசலிலேயே கேட்பார்.

"வந்துட்டாப்ல அண்ணே."

"தலதீவாளி முடிஞ்சும் போக மாட்டேங்குறாரு. சரி, அவருக்கு ஒரு கோட்டு ஊத்து."

பெயின்ட் வாடை ஆகாமல் வீட்டுக்காரரின் மனைவி தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். இருமலும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டுக்காரரிடம் தன் போனில் புது வீட்டின் படத்தைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார். அவர் படத்தை விரலால் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தார். நல்ல வீடு, மாஷா அல்லா என்றார். என் வீட்டுக்கு இன்னும் என் மனைவி வரவில்லையே என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

மேனேஜருக்கு நான் போன் செய்தேன்.

"சார், அண்ணன அனுப்பிடுங்க. சுவத்த நான் ஒருத்தனே பாத்துக்கிறேன்."

"தம்பி, நீ படிச்ச பையன். நீயே சொல்லு. அந்த ஆளு கம்ப்ளைன்ட் குடுத்தா லைசன்ஸ் யாருக்குப் போகும்? மெயின் டெக்னீசியன் ஊருக்குப் போயிட்டான்னா சொல்லச் சொல்ற?"

"அவரு வீடு சார்."

"எல்லாருக்கும் வீடு இருக்குப்பா. கையெழுத்து வாங்கு, அடுத்த நிமிஷம் அடிக்கிறேன்."

அண்ணனின் மனைவி கூப்பிட்டபோது நாங்கள் வண்டியில் இருந்தோம். அவர் ஓட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"வருவீகளா மாட்டீகளா, ஒரு வார்த்தை சொல்லுங்க. மனையில யாரு ஒக்காருறதுன்னு ஐயரு கேக்குறாரு."

"தேதியத் தள்ளலாமா?"

"தை போனா மாசி, பங்குனி ஆகாது, சித்திரதான். இந்த வாடக வீட்ட காலி பண்றம்னு சொல்லி அட்வான்ஸும் வாங்கியாச்சுல்ல."

அண்ணன் சிக்னலில் நின்றார். பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

"தம்பியவும் அவன் பொஞ்சாதியவும் ஒக்கார வையி" என்றார்.

"நான்?"

"நீ பக்கத்துல நில்லு."

அந்தப் பக்கம் ஏதோ சத்தம் வந்து, போன் அணைந்தது. அவர் வண்டியை எடுத்தார். சுவர் தேய்க்க வாங்க வேண்டிய உப்புத்தாளைப் பற்றி நான் சொன்னேன். ஆமாம், வாங்கணும் என்றார்.

முகூர்த்தம் அதிகாலை. எங்கள் நேரத்துக்கு அது நடுச்சாமம். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தார். புது வீட்டுக் கூடத்தில் ஹோமம். தம்பியும் தம்பி மனைவியும் மனையில். அண்ணனின் மனைவி தூண் ஓரம், பட்டுப்புடவையில். பால் பொங்குகிற படம் ஒன்று, வந்தவர்கள் சாப்பிடுகிற படம் ஒன்று. ஹோமப் படத்திலேயே வெகுநேரம் நின்றார். எனக்கும் காட்டினார்.

"வெறகு ஈரம். பாரு, புகை வெள்ளையா வருது."

"ஆமாண்ணே."

"சுவரெல்லாம் கறுத்திருக்கும்."

டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனோம்.

கறை ஏறிய ஜிப்சத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது ஒன்றுதான் வழி என்று அதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வேலைப்பாடு தெரிந்த ஆளைத் தேடிப்பிடித்து, வார்த்து, காயவிட்டு, மாட்ட மாசி பிறந்துவிட்டது. வாடை போனபிறகு வீட்டுக்காரரின் மனைவி திரும்பி வந்தார். சில நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது. உள்கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தொலைக்காட்சி பார்க்கும் சத்தம். இருமல் இல்லை. வீட்டுக்காரர் எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றே ரீ-என்ட்ரி அடிப்பதாகப் போன் செய்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போடாமல் பேசினார்.

"இப்ப வேணாம் சார். இப்பப் போயி என்ன பண்ண? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஏணியை வண்டி மேலே கட்டினார்.

ஜிப்சம், வேலைப்பாட்டுக்காரர் கூலி, வீணாய்ப்போன பெயின்ட், கார்ப்பெட் கழுவியது, ரத்தான டிக்கெட்டில் திரும்பி வராத பணம். கம்பெனி முதலில் கொடுத்து, பிறகு எங்கள் இருவர் சம்பளத்திலும் மாதாமாதம் பிடித்துக்கொண்டது. மொத்தம் ஐயாயிரத்து நூற்று நாற்பது ரியால்.