கணக்கு டீச்சர் காணாமல் போன நாள்

கணக்கு டீச்சரின் கணவர் என் வீட்டுக்குத் தனியாக வந்தது அன்றுதான் முதல் தடவை. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் கண்ணாடியைத் துடைத்தபடியே இருந்தார்.

"டாக்டர் சொல்லிட்டாரு டீச்சர். மறதி நோய்தான். இப்பதான் ஆரம்பம், ஆனா சீக்கிரம் கூடும்னாரு."

நாங்கள் மூன்று பேர் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரே தமிழ்ப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர் கணக்கு, இன்னொருவர் விளையாட்டு. ஓய்வு பெற்ற பிறகும் ஒருவரையொருவர் டீச்சர் என்றும் நீங்க என்றும்தான் கூப்பிட்டுக்கொள்வோம். பறவை பார்க்கும் பைத்தியம் முதலில் பிடித்தது கணக்கு டீச்சருக்கு. அவரிடமிருந்து எங்கள் இருவருக்கும் தொற்றியது. தைப்பிங், பேராக் சதுப்பு என்று பக்கத்திலேயே சுற்றியதெல்லாம் போதாமல், ஒரு மார்ச்சில் அந்தமான் போவது என்று முடிவு செய்து டிக்கெட்டும் எடுத்திருந்தோம். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத பறவைகள் அங்கே இருபதுக்கு மேல் உண்டு என்று அவர்தான் கணக்குச் சொன்னார்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"டாக்டர் சொன்னப்ப பக்கத்துலதான் இருந்தா. வெளிய வந்து கார்ல ஏறினதும் ராத்திரிக்கு என்ன சமைக்கலாம்னு கேட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல."

பயணத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கு அவர் வேகமாகத் தலையாட்டினார். "போகட்டும் லா. இதுக்காகத்தான் ரெண்டு வருஷமா காத்திருக்கா. நீங்க மட்டும் கூடவே இருங்க. வேற யாருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா அவள ஒரு மாதிரி பாப்பாங்க."

இருக்கிறேன் என்றேன். ஒரு நிமிடம்கூடக் கண்ணை விட்டு விலகவிட மாட்டேன் என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

சென்னை வழியாகப் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தோம். டாலிகஞ்சில் ஒரு வீட்டு மாடியில் அறை. நாங்கள் அமர்த்திய கார் ஓட்டுநரும் அதே தெருக்காரர்தான். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து அவர் தாத்தா மீன்பிடிக்க வந்தவராம். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். எங்களிடம் தமிழ், வழியில் எதிர்ப்பட்ட அத்தனை பேரிடமும் ஹிந்தி. இரண்டு மொழியும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடும்.

முதல் நாள் சிப்பிகாட். சுனாமியில் கடல் ஏறி, தண்ணீர் வடியாமலே நின்றுவிட்ட வயல்கள். அந்தத் தண்ணீரில் சாம்பல் நிற வாத்துகள் கூட்டமாக இறங்கியிருந்தன. கணக்கு டீச்சர் பழைய கம்பீரத்தோடு எண்ணினார், நோட்டில் எழுதினார், விளையாட்டு டீச்சர் தப்பாக எண்ணியதைத் திருத்தினார். டாக்டர் ஏதோ தவறாகச் சொல்லியிருக்கிறார் என்றே நினைத்தேன். சாயங்காலம் அறையில் அந்த நோட்டைப் புரட்டினேன். அதே வாத்தை, அதே நேரத்தோடு, நான்கு தடவை எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அவர் கையெழுத்தைப் போலவே ஒரே தடவை எழுதி வைத்தேன். விளையாட்டு டீச்சர் பார்த்துவிடுவாரோ என்று பயம். அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சிடியா டாப்பு. தீவின் தென்முனை, காடு கடலுக்குள் இறங்கும் இடம். அங்கே மார்ச்சில் ஐந்தரைக்கே விடிந்துவிடுகிறது. ஓட்டுநர் காரைக் கடற்கரை ஓரம் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நாங்கள் காட்டுப் பாதையில் ஏறினோம். விளையாட்டு டீச்சர் எப்போதும் போல முன்னால் போய்விட்டார். எட்டு மணி வாக்கில் மேலே எங்கோ சுத்தியலால் அடிப்பது மாதிரி சத்தம். அண்ணாந்து பார்த்தேன். அந்தமான் கரும் மரங்கொத்தி. காக்கை அளவு இருக்கும், உச்சியில் சிவப்பு. ஆண்டுக்கணக்காகப் படத்தில் மட்டும் பார்த்த பறவை.

"டீச்சர், அங்க பாருங்க" என்று கிசுகிசுத்தேன். பதில் வரவில்லை. அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். பைனாகுலரை இறக்க மனம் வரவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். பத்து நிமிடமாகவும் இருந்திருக்கலாம். பிறகு போலீஸ் கேட்டபோதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திரும்பினால் யாரும் இல்லை.

முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டேன். பிறகு சத்தமாக. பாதையில் கொஞ்சம் ஏறிப் பார்த்தேன், இறங்கிப் பார்த்தேன். அவர் கைபேசிக்கு அழைத்தேன். என் முதுகுப் பையிலேயே அது ஒலித்தது. காலையில் நான்தான் பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்தேன்.

விளையாட்டு டீச்சர் என் சத்தம் கேட்டு ஓடி வந்தார். "ஒன்னுக்குப் போயிருப்பாங்க லா. ஏன் இப்படிக் கத்துறீங்க?"

"இல்ல டீச்சர். தேடுங்க. சீக்கிரம் தேடுங்க."

அவர் மேலே ஓடினார், நான் கீழே. வேர்களில் இடறி இரண்டு முறை விழுந்தேன். கடற்கரைக்கு வந்தபோது மணலில் நண்டுத் தடங்கள் மட்டும் இருந்தன. சதுப்போரத்தில் முதலை உண்டு, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று மூன்று மொழிகளில் பலகை. அலையாத்தி மரங்களின் கால்களுக்கு நடுவே கலங்கிக் கிடந்த தண்ணீரை உற்று உற்றுப் பார்த்தேன். ஒரு தொப்பியைத் தேடினேன். தொப்பி தென்பட்டுவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன்.

ஓட்டுநர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வந்தார். "கப்ராவோ மத் அம்மா. பயப்படாதீங்க. எங்க போயிடுவாங்க? இது சின்ன ஜகா, சின்ன எடம்" என்றார். அவர் முகத்திலும் பயம் தெரிந்தது.

பத்து மணிக்கு ஓட்டுநரும் நாங்கள் இருவரும் மறுபடி பாதை முனையில் சந்தித்தோம். விளையாட்டு டீச்சருக்கு முழங்கையெல்லாம் முள் கிழித்திருந்தது. "அறுபத்திரெண்டு வயசு மனுஷி. வழி தெரியாதவங்களா? கூப்பிட்டா ஏன் பதில் சொல்லல?" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். நோயைச் சொன்னேன், கணக்கு டீச்சரின் கணவர் வந்ததைச் சொன்னேன், நோட்டின் பக்கத்தைக் கிழித்ததையும் சொன்னேன்.

"தெரிஞ்சிருந்தா நான் முன்னாடி போயிருப்பேனா?" என்றார் விளையாட்டு டீச்சர். பிறகு குரல் உடைந்தது. "நீ ஒரு மரங்கொத்திக்காக அவளக் காட்டுல விட்டுட்ட."

முப்பது ஆண்டுகளில் அவர் என்னை நீ என்றது அதுதான் முதல் முறை.

அந்த நேரம் பார்த்து என் கைபேசியில் ஒரு செய்தி. கணக்கு டீச்சரின் கணவர். 'பசியாறியாச்சா? இன்னிக்கி என்ன பறவை பார்த்தா?' 'கரும் மரங்கொத்தி' என்று அடித்து அனுப்பினேன். அவர் ஒரு சிரிப்புப் படம் அனுப்பினார்.

வனக் காவலர்கள் இருவர் வந்தார்கள். பிறகு போலீஸ். என்ன உயரம், என்ன உடை, எந்த நாட்டு பாஸ்போர்ட், கடைசியாக எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள். அவர்கள் ஹிந்தியில் கேட்க, ஓட்டுநர் தமிழில் திருப்பிச் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அவர் ஹிந்தியில் சொல்ல, ஒவ்வொரு கேள்வியும் முடிய யுகமாயிற்று. அதற்குள் தண்ணீர் ஏறிக் காலையில் நான் நடந்த மணலை மூடியிருந்தது. ஒரு காவலர் கடலைக் காட்டி இன்னொருவரிடம் மெல்ல ஏதோ சொன்னார். ஓட்டுநர் அதை மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் தாண்டிவிட்டது. காட்டுக்குள் எத்தனை தடவை போய் வந்தேன் என்று நினைவில்லை. தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. கணக்கு டீச்சர் வீட்டு வாசலில் நான் மட்டும் போய் நிற்பதை மனம் திரும்பத் திரும்பக் காட்டியது. செத்துப்போகலாம் என்று தோன்றியது. அப்படி ஓர் எண்ணம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

ஓட்டுநர் மட்டும் காட்டை விட்டுவிட்டுக் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்காரர்கள், ஆட்டோக்காரர்கள், கடைக்காரர்கள் என்று தெரிந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார். இரண்டு மணிக்கு என்னிடம் ஓடி வந்தார்.

"அம்மா, மில் கயா! இல்ல, இன்னும் கிடைக்கல, ஆனா தடம் கிடைச்சிருச்சு. காலைல ஒன்பது மணி பஸ்ல, கொஞ்சம் தள்ளி ரோட்டுல கைகாட்டி, தொப்பி போட்ட அம்மா ஒருத்தங்க ஏறியிருக்காங்க. கழுத்துல தூர்பீன், அதான் உங்க பைனாகுலர். கண்டக்டர் என் சாலா, மச்சான் முறை. மின்னி பே பக்கம் இறங்கினாங்களாம்."

நாங்கள் காட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் ஊருக்குள் இருந்திருக்கிறார். விளையாட்டு டீச்சர் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

மின்னி பேயில் கடலோரத்தை இரண்டு முறை நடந்து பார்த்தோம். இல்லை. ஒவ்வொரு கடையாக ஏறிக் கைபேசியில் கணக்கு டீச்சரின் படத்தைக் காட்டினோம். வெற்றிலையும் பிஸ்கட்டும் விற்கும் கடையில் ஒரு தமிழ்ப் பெண், படத்தைப் பார்த்த உடனே தலையாட்டினார்.

"இவங்கதான். வெயில்ல வந்து நின்னாங்க. தண்ணி குடுத்தேன். ஃபெர்ரி எங்கன்னு கேட்டாங்க, நேரமாச்சு, அக்கரைக்குப் போகணும்னாங்க. நம்ம பாஷை பேசுறாங்களேன்னு ஆட்டோவுல ஏத்தி சாத்தம் ஜெட்டிக்கு அனுப்பி வச்சேன். தப்பாப் போச்சாம்மா?"

"இல்லம்மா, இல்ல" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காரணம் புரிந்துவிட்டது. கணக்கு டீச்சர் பிறந்து வளர்ந்தது பட்டர்வொர்த்துக்கு எதிர்க்கரையில், பினாங்குத் தீவில். வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கல்யாணம் ஆகும் வரைக்கும், பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரியில்தான் வந்து போனார். அவர் அம்மா வீட்டுக்குப் போகப் புறப்பட்டிருக்கிறார்.

சாத்தம் ஜெட்டிக்குப் போனபோது மணி நான்கே முக்கால். வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து எதிர்க்கரையில் பாம்பூ ஃப்ளாட் போகும் படகுகள். லாரிகளும் ஸ்கூட்டர்களும் ஏற வரிசையில் நின்றன. இந்நேரம் அக்கரையில் இறங்கி மலைப்பக்கம் நடந்திருந்தால் இருட்டில் எங்கே தேடுவது? ஓட்டுநர் டிக்கெட் கிழிப்பவரிடம் படத்தைக் காட்டினார். அவர் சலிப்போடு தண்ணீரைக் கைகாட்டினார். வந்துகொண்டிருந்த படகில் இருக்கிறாராம். மத்தியானத்திலிருந்து அதிலேயே இருக்கிறாராம். எந்தக் கரையிலும் இறங்க மாட்டேன் என்கிறாராம்.

படகு கரை தொட்டது. வண்டிகள் இறங்கின. ஆட்கள் இறங்கினார்கள். ஓரத்து பெஞ்சில் தொப்பியும் பைனாகுலருமாகக் கணக்கு டீச்சர் நேராக உட்கார்ந்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. விளையாட்டு டீச்சர் பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டு அழுதார். நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

கணக்கு டீச்சர் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏறின அப்புறம்தான் இது நம்ம ஃபெர்ரி இல்லேன்னு தெரிஞ்சது டீச்சர். பாதித் தண்ணியில தெரிஞ்சது. எந்த ஊருன்னு யோசிச்சேன், வரல. தங்கின எடம் ஞாபகம் வரல. போனையும் காணோம்."

"இறங்கி யாரையாவது கேட்டிருக்கலாமே டீச்சர்?"

"இறங்கினா எத்தனை ரோடு இருக்கோ. இதுக்கு ரெண்டே கரைதான். இங்கயே உக்காந்திருந்தா, தேடுறவங்க ஏதாவது ஒரு கரைக்கு வந்துதானே ஆகணும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவரு உங்ககிட்ட சொல்லிட்டாருல்ல?"

ஆமாம் என்றேன்.

"எத்தனை தடவ போயி வந்தேன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். ஏழுக்கு மேல விட்டுப்போச்சு" என்றார். அப்போதுதான் அவர் அழுதார். இந்த நோயை நினைத்து அவர் எங்கள் முன்னால் அழுதது அந்த ஒரு தடவைதான். படகு கிளம்பப் போகிறது, இறங்குங்கள் என்று ஊழியர் சத்தம் போட்டார். ஓட்டுநர் அவரை ஹிந்தியில் கெஞ்சி நிறுத்தி வைத்தார்.

அறைக்கு வந்ததும் பட்டர்வொர்த்துக்கு அழைத்தேன். நடந்ததையெல்லாம் அவர் கணவரிடம் சொன்னேன், மரங்கொத்திச் செய்தி உட்பட. திட்டுவார் என்று காத்திருந்தேன். "அவ சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மீதி இருந்த இரண்டு நாளும் நாங்கள் எங்கும் போகவில்லை. விளையாட்டு டீச்சர் கணக்கு டீச்சரின் கையை விடவே இல்லை, தூங்கும்போதுகூட. என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். ஊர் திரும்பிய பிறகும் அப்படித்தான். அவர் வியாழக்கிழமைகளில் கணக்கு டீச்சரைப் பார்க்கப் போகிறார், நான் ஞாயிற்றுக்கிழமைகளில். யாரும் பேசிவைத்து ஏற்பாடு செய்ததில்லை.

போன ஞாயிறு நான் போனபோது கேட்டில் பெரிய பூட்டு புதிதாகப் போட்டிருந்தது. அவர் கணவர் திறந்துவிட்டார். கணக்கு டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"புதுசா மாத்தலாகி வந்தவங்களா?"

"ஆமா டீச்சர்" என்றேன்.

"மூணாம் வகுப்பு ரூம் மழை பேஞ்சா ஒழுகும். ஜன்னல் பக்கம் பெஞ்ச் போடாதீங்க. பிள்ளைங்க நனைஞ்சிடுவாங்க" என்றார்.

சரி என்றேன்.