மதுரையா, செங்கல்பட்டா?

இன்று உத்திரமேரூர் பஸ்ஸில் ஒரு பெண், தனக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருப்பதாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கும் அப்படித்தான். ஒன்று செங்கல்பட்டு, இன்னொன்று மதுரை.

அம்மாவின் தம்பி தினமும் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

"மதுர இன்னாத்துக்கு? செங்கல்பட்டுல சேந்தா நானே தெனம் இட்டுகினு போய் வுடுவேன்."

அவர் வந்தாலே அம்மா என்னை உள்ளே போகச் சொல்லிவிடுவாள்.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"நீ மதுரைக்கே போ. உன் மாமன் உன்னக் கட்டிக்க ஆவணியில நாள் பாத்துகினு கீறான். அப்பால படிப்பு எங்க?"

சொந்தத் தம்பியைப் பற்றி அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கிளம்பிய அன்று மாமாவும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். என் பெட்டியை அவரே மேலே ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் வந்து சிரித்தார்.

"லீவுக்கு வந்துதானே ஆவணும்?"

படிப்பு முடியும்வரை எந்த விடுமுறைக்கும் நான் ஊருக்கு வரவில்லை. அம்மாதான் மதுரைக்கு வந்து என்னைப் பார்த்துப் போனாள்.

கல்லூரியின் பெயர், வசதி எதையும் நான் பார்க்கவில்லை. தூரத்தை மட்டும் பார்த்தேன். நீங்கள் எதைப் பார்த்துச் சேர்ந்தீர்கள்?