நான்கு பேரின் தலைமுடி

நாற்பத்தோரு நாள் என் மனைவி வசந்தா அதை யாரிடமும் சொல்லவில்லை. இடது மார்பில், அக்குளுக்குச் சற்று முன்னால், வேர்க்கடலை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. முதலில் எப்போது கையில் தட்டுப்பட்டது என்று கேட்டதற்கு, சிலிண்டர் மாற்றிய அன்றைக்கு என்றாள். சிலிண்டர் மாற்றும் தேதிகளைக் காலண்டரில் குறித்து வைப்பவன் நான். எண்ணிப் பார்த்தேன். அந்த எண் இன்றும் என்னை உறுத்துகிறது.

மாமோகிராம் (மார்பை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே), பயாப்சி (ஊசியால் கட்டியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) இரண்டும் ஒரே வாரத்தில் முடிந்தன. புற்றுநோய்தான். அறுவை சிகிச்சையில் கட்டியோடு அக்குளிலிருந்து பதினான்கு நிணநீர்க் கணுக்களையும் (உடலின் கழிவை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். இரண்டில் நோய் இருந்தது. எனவே கீமோதெரபி (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை ரத்தநாளம் வழியாக ஏற்றுவது) ஆறு தவணை, இருபத்தொரு நாளுக்கு ஒன்று என்றார்கள்.

நாங்கள் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறோம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், ஷிப்டும் வருகையும் விடுப்பும் பதிகிற டைம் ஆபீசில், முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தேன். மகள் கோயம்புத்தூரில். ஆஸ்பத்திரி சென்னையில். ஒவ்வொரு முறையும் நாங்கள் இருவர் மட்டும் ரயிலில் போய் வந்தோம்.

முதல் தவணைக்குப் பிறகு பதினாறாம் நாள் வசந்தாவின் முடி கொட்டத் தொடங்கியது. நான்கே நாளில் எல்லாம் போயிற்று. இடுப்பு வரை இருந்த முடி. புருவத்தில்கூட மிச்சம் எண்ணிவிடும் அளவுதான். எண்ணவில்லை.

இரண்டாம் தவணைக்குத் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். ஸ்டேஷனில் எங்கள் தெருக்கார அம்மாள் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

“இன்னா வசந்தா, எந்தக் கோயில்ல மொட்ட போட்ட? எங்குளுக்கு ஒரு லட்டு கெடையாதா?”

வசந்தா சிரித்துவிட்டு ரயில் ஏறினாள். மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், மூன்றாவதுக்கு வரமாட்டேன் என்றாள். சாப்பிட வைக்கலாம், மாத்திரை கொடுக்கலாம். வரமாட்டேன் என்பவரை ரயிலில் ஏற்ற முடியாது. டாக்டரம்மாவைத் தொலைபேசியில் பேச வைத்தேன். “அம்மா, முடி கண்டிப்பா வந்துடும். நடுவுல நிறுத்தினா வியாதியும் வந்துடும்” என்றார். வசந்தா சரி சரி என்று கேட்டுக்கொண்டு போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

நைலான் விக் ஒன்று வாங்கி வந்தேன். வெயிலில் அது தலையைச் சுட்டது. அப்போதுதான் பாபுவுக்குப் போன் செய்தேன். பாபு என் கீழே வேலை கற்றவன். இப்போது அதே கம்பெனியில் பர்சனல் மேனேஜர். நிஜ முடியில் விக் கிடைத்தால் அவள் சிகிச்சைக்கு வருவாள் என்று சொல்லிப் புலம்பினேன்.

“சார், இதுக்குப் போய் கவலப்படுவாங்களா? எங்கிட்ட உடுங்க.”

விட்டேன். ஒரு வாரத்தில் கடம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து சவுரி செய்கிறவர் ஒருவர் தலை அளவெடுக்க வந்தார். அழகு நிலையங்களுக்கும் வெளிநாட்டுக்கும் செய்து கொடுப்பவர். வழக்கமாகத் தன்னிடம் வரும் முடி எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். கோயில் ஏலம், தெருத்தெருவாகப் பிளாஸ்டிக் வாளி கொடுத்து உதிர்ந்த முடி வாங்குகிறவர்கள் என்று போனது பேச்சு. நான் இடைமறித்து, எத்தனை நாளாகும், எத்தனை பேர் முடி வேண்டும் என்று கேட்டேன்.

“ஒரு ஆளுது பத்தாது சார். நாலு தல. கம்பெனிலேர்ந்து நாலும் வந்துடுச்சி.”

நான்கு என்று மனதில் குறித்துக்கொண்டேன். யார் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் தவணைக்குப் பதினெட்டாம் நாள் விக் வந்தது. கருப்பில் அங்கங்கே செம்பட்டை ஓடிய அடர்த்தியான முடி. யாருடையது என்று வசந்தா கேட்டாள். தானம் என்றேன். வைத்துக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். மூன்றாம் தவணைக்கு, குறித்த நாளில், என்னை முந்திக்கொண்டு வீட்டு வாசலில் நின்றாள்.

அதற்குப் பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனை. நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். முடித்துக்கொண்டு மதியம் திரும்பினோம். பெட்டியில் யாராவது இருமினால் வசந்தாவை எழுப்பி இடம் மாற்றுவேன். அன்று இரண்டு முறை மாற்றியிருந்தேன். பொன்னேரியில் இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் ஏறினார்கள். நான்கு பேர் எங்கள் எதிரில் உட்கார்ந்தார்கள். என் பழைய கம்பெனியின் வெளிர்நீல மேலங்கி. நால்வருக்கும் முடி பிடரியோடு ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வேறு இடம் போகலாம் என்று வசந்தாவின் கையைத் தொட்டேன். அவள் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தாள்.

“இன்னாம்மா, நாலு பேரும் ஒண்ணா வெட்டிக்கினு கீறீங்க? வேண்டுதலா?”

“நீங்க வேற ஆன்ட்டி!” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். மற்றவர்கள் அவளைத் தேசராணி என்று கூப்பிட்டார்கள். “கம்பெனில கேட்டாங்க. முன்னாடி அங்க வேல செஞ்ச பெரியவராம். அவரு ஊட்டுக்காரம்மாவுக்குக் கேன்சராம். முடி குடுங்கன்னாங்க.”

“கேட்டாங்களாம்! லிஸ்ட்டு வெச்சிக்கினு பேரச் சொல்லியில்ல கூப்ட்டாங்க” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“வேணாம்னு சொல்லியிருக்கலாமேம்மா” என்றாள் வசந்தா.

“இந்த மாசம் எங்க நாலு பேருக்கும் ரினியூவல் ஆன்ட்டி. எவ சொல்லுவா?” தேசராணி சிரித்தாள். “எங்கம்மாதான் மீன் கூடைய தூக்கிக்கினு கம்பெனிக்கே வரேன்னு நின்னா. வளத்தது நானு, அறுத்தது எவன்டான்னு.”

நால்வரும் சிரித்தார்கள். பிறகு அவள் வசந்தாவின் தலையைப் பார்த்தாள்.

“உங்க முடி நல்லா கீது ஆன்ட்டி. இன்னா எண்ண வெக்கிறீங்க?”

வசந்தா, “எண்ண எதுவும் வெக்கிறதில்லம்மா” என்றாள். அதன் பிறகு கும்மிடிப்பூண்டி வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரினியூவல் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் ஒப்பந்தப் பெண்களுக்குப் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை வேலையைப் புதுப்பிப்பார்கள். யாருக்கு எந்த மாதம் முடிகிறது என்று பட்டியல் போடுவது டைம் ஆபீஸ். நான் போட்ட பட்டியல் அது. ரத்த தான முகாமுக்கு ஆள் குறைந்தால், அந்த மாதம் முடிகிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுவேன். ஒருவர்கூட மறுத்ததில்லை. நல்ல காரியத்துக்கு எல்லோரும் முன்வருகிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா விக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“உங்குளுக்குத் தெரியுமா?”

“ரயில்லதான் தெரிஞ்சிது.”

உண்மைதான். ஆனால் அங்கே எப்படிக் கேட்பார்கள் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். அதையும் சொன்னேன்.

“அந்தப் பொண்ணு மூஞ்சிய பாத்து, நான்தான் அதுன்னு சொல்லாம அடுத்த ஊசிக்கு வரமாட்டேன்” என்றாள். நான்காம் தவணைக்குப் பதினோரு நாள் இருந்தது. தவணை தள்ளிப்போனால் மருந்தின் பலன் குறையும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வெள்ளணு குறைந்திருக்கிறது, கூட்டத்தில் போகக்கூடாது என்றேன். அவள் அசையவில்லை.

மறுநாள் பாபுவின் அறைக்குப் போனேன். டீ வரவழைத்தான். விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“சார், அந்த லிஸ்ட்டப் பாத்து கேட்டா யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்கன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான?”

கேலியாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னான். நால்வருக்கும் ரினியூவல் உண்டா என்று கேட்டேன்.

“அதெல்லாம் போட்டாச்சு சார். முடி குடுக்காட்டியும் போட்டிருப்போம்.”

“அது அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியுமா?”

“அத எப்டி சார் முன்னாடியே சொல்றது?”

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். இனி அந்தப் பட்டியலை எதற்கும் எடுக்காதே என்று வாசலில் நின்று சொன்னேன். சரி சார் என்றான். அவன் எதற்கெல்லாம் எடுக்கிறான் என்று எனக்குத் தெரிய வழியில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண்களுக்கு முதல் ஷிப்ட் என்று கணக்குப் போட்டேன். நான்காம் தவணைக்கு நான்கு நாள் இருக்கையில், ஷிப்ட் விடும் நேரத்துக்கு வசந்தாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், கூட்டத்துக்கு எட்ட உட்கார வைத்தேன். தேசராணி வந்ததும் நான்தான் கூப்பிட்டேன். வசந்தா முந்தானையை எடுத்துத் தலையைக் காட்டினாள். சொன்னாள்.

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு போனது.

“அப்ப அன்னிக்கு நான் பேசினதெல்லாம் கேட்டுக்கினு சும்மா குந்திக்கினு இருந்தியா?”

“ஆமாம்மா. வாய் வரல.”

என் பக்கம் திரும்பினாள். “நீதானா அந்தப் பெரியவரு?”

நான்தான் என்றேன். அந்தப் பட்டியலும் நான் ஆரம்பித்த வழக்கம்தான் என்றேன்.

“இத எங்கம்மாகிட்ட வந்து சொல்லுவியா?”

“வரேன்.”

வசந்தா பையிலிருந்த விக்கை எடுத்து நீட்டினாள். தேசராணி வாங்கி, விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். “தோ, இந்தச் செம்பட்ட என்னுது. உப்புத்தண்ணில குளிச்ச முடி” என்றாள். சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தாள். ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. திருப்பிக் கொடுத்தாள்.

“போட்டுக்கோ. கயட்டி பீரோல வெச்சா எனுக்குத் திரும்ப ஒட்டிக்குமா? ஆனா தானம் கீனம்னு எங்கியும் சொல்லாத.”

“சொல்ல மாட்டேன்” என்றாள் வசந்தா.

பழவேற்காட்டுப் பக்கம் அவர்கள் வீட்டுக்கு அந்த ஞாயிறே போனேன். அவளுடைய அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. அவர் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டேன். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காம் தவணை குறித்த நாளில் நடந்தது. ஐந்தும் ஆறும் நடந்தன. சில நாள் விக் வைத்துக்கொண்டு வந்தாள், சில நாள் வெறுந்தலையோடு. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் விக்கைத் தொட்டுப் பார்த்து, தானமாக வந்ததா என்று கேட்டார். “இல்லம்மா. முடியாதுன்னு சொல்ல முடியாதவங்ககிட்ட கேட்டு வாங்கினது” என்றாள். அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டார்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது விக்கோ சவுரியோ தேடிக்கொண்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அது என் மனைவியை மூன்றாம் தவணைக்குக் கூட்டிப் போனது. முடி யாருடையது என்று கேளுங்கள். கொடுத்தவர் மறுத்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்றும் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் பதில் இருக்காது. நான்கைந்து கை மாறுவதற்குள் அந்தப் பதில் தொலைந்துவிடுகிறது. என் விஷயத்தில் கேட்டு வாங்கிய கை ஒன்றே ஒன்றுதான், பாபுவுடையது. அப்போதும் நான் கேட்கவில்லை.

கதிர்வீச்சும் முடிந்து இப்போது ஏழாவது மாதம். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளர்கிறது. சாம்பல் நிறத்தில், முன்பு இல்லாத சுருளோடு வருகிறது. முன்பெல்லாம் இருபத்தொன்று, இருபத்தொன்றாக நாளைப் பிரித்து வைத்திருந்தேன். இப்போது அப்படி எந்தக் கட்டமும் இல்லை. ஒரு மாதம் போனதை அவள் காதோரத்தில்தான் பார்க்கிறேன்.

கணுக்களை எடுத்த பக்கம் லிம்ஃபெடீமா (நிணநீர் தேங்கிக் கை வீங்குவது) வந்திருக்கிறது. அவளுக்கு இடது கைதான் பழக்கம்; அதைத் தோளுக்கு மேல் தூக்க முடிவதில்லை. அதனால் காலையில் தலை வாரிவிடுவது என் வேலை. திருமணமாகி முப்பத்தாறு ஆண்டில் நான் செய்யாத வேலை. முதல் நாள் பின்னால் போய் நின்று சட்டென்று சீப்பை வைத்தேன். அவள் உடல் முழுவதும் இறுகியது. அந்தத் தோல் இன்னும் கூச்சம் தீராதது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து முன்னால் வந்து நின்று, வாரட்டுமா என்று கேட்கிறேன். உடனே பதில் வராது. தன் உடம்பைக் கேட்டுச் சொல்கிறவள்போல யோசிப்பாள். பெரும்பாலும் தலையைக் குனிந்து கொடுப்பாள். சில நாள் இன்னிக்கு வேணாங்க என்பாள். சீப்பை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.