பொடி ஈயும் அண்ணியின் பயமும்

மாத்தளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கொக்கோ மரங்களின் அடியை அண்ணி கூட்டினால் கோயில் வாசல் தோற்றுப்போகும். விதை எடுத்தபின் எறிகிற காய் ஓடுகளை அன்றன்றே அள்ளி எரித்துவிடுவார். எல்லாம் பயம்தான். தன் மகளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில், இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்து உட்கார்ந்திருந்தவர் அவர். வீடு திரும்பிய அன்றே, மழைநீர் தேங்கிய கொக்கோ ஓடு ஒன்றில் டெங்கு பரப்பும் நுளம்பின் புழு நெளிவதைக் கண்டார். அதன்பிறகு ஓட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அடுத்த பருவத்தில் மரங்கள் பூத்துக் குலுங்கின. பூவெல்லாம் உதிர்ந்தது, காய் பிடிக்கவில்லை. அந்தக் காயை நம்பித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அண்ணன் பொருமினார். பார்க்க வந்த விவசாய அதிகாரி, சுத்தமான தரையைக் கண்டு சிரித்துவிட்டார். கொக்கோப் பூவுக்கு மகரந்தம் சுமப்பது கடுகளவுகூட இல்லாத ஒரு பொடி ஈயாம். அது பெருகுவது அழுகிய ஓட்டிலும் சருகிலுமாம். நாம் ருசித்துத் தின்னும் சாக்லேட்டுக்குப் பின்னால் இப்படியொரு பொடிப்பயல் இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அன்று அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

“அழுக விட்டாத்தான் காய் வரும்ங்கிறாங்க. அழுக விட்டா நொளம்பும் வருமே புள்ள. நான் எதப் பாக்குறது?” என்று என்னிடம் கேட்டார்.

கடைசியில் ஓடுகளைப் போட்டார், ஆனால் ஒவ்வொன்றையும் குப்புறக் கவிழ்த்து. மழை விட்டதும் ஓடிப்போய், நாய் புரட்டிப்போட்ட ஓட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார். அண்ணன் கேலி செய்வார்.

“சிரிங்க, சிரிங்க. ஆஸ்பத்திரியில நீங்களா ஒக்காந்திருந்தீங்க?”

கல்யாணமாகி வெளியூர் வந்துவிட்ட நான் போன வாரம் அங்கே போயிருந்தேன். மரத்தண்டெங்கும் காய் தொங்கியது. வளர்ந்துவிட்ட மகள் மரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தருகே ஏதோ சின்னதாகப் பறந்தது. அடிக்கக் கை ஓங்கிய அண்ணி பாதியில் நின்றுவிட்டார். நுளம்பா, பொடி ஈயா என்று எனக்கும் தெரியவில்லை. அதற்குள் அது பறந்து போய்விட்டது. ஓங்கிய கையை மெல்ல இறக்கி, மகளின் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

“என்னம்மா?”

“ஒன்னுமில்ல, நீ பேசு” என்றார் அண்ணி. கையை மட்டும் எடுக்கவில்லை.