நான் வெளியே நின்ற கால் மணி நேரம்

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சாணார்பட்டியைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அங்கே நாலாம் வகுப்பு வரைதான். ஐந்தாவது படிக்க மூன்று மைல் நடக்க வேண்டும். பையன்கள் நடந்தார்கள். பெண் பிள்ளைகளை நாலாவதோடு நிறுத்திப் பூப் பறிக்க அனுப்பிவிடுவார்கள்.

அந்த வருடம் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பதாகவும், திருப்தியாக இருந்தால் எங்கள் பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்பு தொடங்கச் சிபாரிசு செய்வதாகவும் ஏற்பாடு. ஊரே என்னை நம்பியிருந்தது. எனக்கும் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் சத்தம் கேட்கும். பிரம்பைத் தொட்டதே இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன். பிரம்பு எதற்கு, அதுதான் நாக்கு இருந்ததே! யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால், "ஆகா! ஊருக்கே கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லு தாயி" என்பேன். வகுப்பே சிரிக்கும். அதை வெறும் தமாஷ் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பலகையில் ஒரு கணக்கை எழுதி, விடை யார் சொல்வது என்று சிரித்த முகத்தோடு கேட்டார். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. முதல் வரிசையில் பூந்தோட்டக்காரர் மகள் இருந்தாள். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவள். அவளைப் பார்த்து முறைத்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க சார், செத்த இருங்க, இளநீ கொண்டாரேன்" என்று வெளியே நழுவினேன்.

பக்கத்துத் தோப்பில் இளநீர் வெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசல் வரை ஒரே கூச்சல். "நான் சொல்றேன் சார், நான் சொல்றேன்!" பூந்தோட்டக்காரர் மகளின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. சொன்ன விடையெல்லாம் சரி. பூரித்துப்போய் உள்ளே காலை வைத்தேன். சத்தம் சட்டென்று நின்றது. உயர்ந்திருந்த கைகள் எல்லாம் மடிக்குப் போய்விட்டன.

என் பிள்ளைகள் பயந்தது இன்ஸ்பெக்டருக்கு இல்லை, எனக்கு. வாசிப்பும் பூகோளமும் இன்னும் பாக்கி இருந்தன.

"சார், நான் உள்ள இருந்தா இதுக வாயத் தொறக்காதுக. தப்பு என் மேலதான். நான் வெளியில நிக்கிறேன், நீங்க கேளுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, என்னைப் பற்றி என்ன எழுதிவிட்டுப் போவாரோ என்று பயமாகத்தான் இருந்தது. கொடிக்கம்பத்தடியில் கால் மணி நேரம் நின்றேன். உள்ளேயிருந்து வந்த குரல்களைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு எங்கள் ஊருக்கே வந்துவிட்டது! ஏழு பெண் பிள்ளைகள் அதில் உட்கார்ந்தார்கள். என் நாக்கு அடங்கத்தான் நாளானது. கேலி நுனி நாக்குக்கு வரும்போதெல்லாம் பானைத் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தேன். பிள்ளைகள் சட்டென்று நம்பிவிடவில்லை.

ஒருநாள் பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதே பூந்தோட்டக்காரர் மகள் எழுந்தாள். பாவாடையை இறுகப் பிடித்திருந்தாள்.

"டீச்சர், அந்த ரெண்டாவது வரி தப்பு. மேல உள்ள ஒண்ணக் கூட்டாம விட்டுட்டீங்க."

வகுப்பு மூச்சை அடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. பலகையைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன்.

"ஊருக்கே கேக்குற மாதிரி இன்னொரு தடவை சொல்லு தாயி!"

சொன்னாள், தெருவுக்கே கேட்கும்படி. பிள்ளைகள் கைதட்டினார்கள், எல்லோருக்கும் மேலாக நான் தட்டினேன். வேலையில் இருந்த காலத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இன்றைக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், என்னைக் கண்டு பேச்சு நிற்கிறதா, தொடர்கிறதா என்றுதான் முதலில் காது கொடுக்கிறேன்.