சத்தம் போடாத குட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும்; ஒரு காம்பிராவில் தும்மினால் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும். அதனால் நாய் வளர்க்க ஆசை வந்தபோது, சத்தம் போடாத குட்டியாகத் தேடினேன்.

றொசல்ல ஸ்டேஷன் பக்கம் மாரியாயி அக்காவின் நாய் குட்டி போட்டிருந்தது. மற்றக் குட்டிகள் கத்திப் புரள, வெள்ளைக்குட்டி ஒன்று மட்டும் சாக்கில் அமைதியாகப் படுத்திருந்தது.

"இதைக் கொடுங்க அக்கா."

"அது வேணாம் தம்பி. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. காது கேக்குதான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. வேற எடுத்துக்குங்க."

இந்த நல்ல குட்டியை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிடிவாதமாக வாங்கி வந்தேன்.

விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தால் லயத்து நாய்களெல்லாம் ஊளையிடும். எங்கள் வெள்ளையன் தூங்குவான். "என்ன பதவிசு பாருங்க!" என்று என் மனைவி பூரித்துப்போவாள்.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு லொறி பின்னோக்கி வந்தது. வெள்ளையன் பாதையில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான். எல்லோரும் கத்தினோம். இரைச்சலில் டிரைவருக்குக் கேட்கவில்லை. வெள்ளையனுக்கும் கேட்கவில்லை.

அக்கா சொன்னதை அப்போதே நம்பியிருக்கலாம்.

வெகுநாள் கழித்து மறுபடி அவரிடம் போனேன். குட்டிகளுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். பிறகு, "நீங்களே பாத்துக் கொடுங்க அக்கா" என்றேன்.

அவர் கொடுத்த குட்டி ஓயாமல் குரைக்கிறது. பக்கத்துக் காம்பிராவில் திட்டுகிறார்கள். திட்டட்டும். அது சத்தமில்லாமல் கிடந்தால்தான் எனக்குப் பயம். எழுந்து போய்க் கைதட்டிப் பார்க்கிறேன்.