காட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது

சாயல்குடிப் பக்கத்தில் இருக்கும் அம்மன் கோயில் காட்டுக்கு நானும் என் நாத்தனாரும் போயிருந்தோம். ராஜா காலத்திலிருந்து கத்தி படாத காடு. அங்கிருந்து சுள்ளி, இலை, காய் எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது என்பது ஊர்க்கட்டு; மீறினால் வீட்டுக்கு ஆகாது. என் மகளுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இப்போது ஒன்பதாம் மாசம். அவளுக்காக வேண்டிக்கொள்ளத்தான் போனேன்.

நடப்பதற்குப் புதிதாகப் பாதை போட்டு, பிரிகிற இடங்களில் கல் நட்டு அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் அம்பு புரியாதா? ஒரே கல்லில் மூன்று பக்கமும் அம்பு இருந்தால் யாருக்குத்தான் புரியும்! உடைமரங்களுக்குள் சுற்றிச் சுற்றி ஒருவழியாக அம்மனிடம் வந்து சேர்ந்தோம். கும்பிடக் குனிந்தபோதுதான் பார்த்தேன், சேலைக் கரை முழுக்க நாயுருவி முள்.

இது நான் எடுத்த கணக்கா, தானாக வந்த கணக்கா? பூசாரியிடம் கேட்டேன்.

"தானா ஒட்டுனதுக்குத் தோஷமில்ல தாயி."

மனசு ஆறியது. காட்டு வாசலில் தேங்காய் விற்கிற அம்மாவோ, "அய்யய்யோ, புள்ளத்தாச்சி இருக்க வீடுங்கிற. உள்ளயே பிச்சுப் போட்டுட்டு வா" என்றாள்.

திரும்ப ஓடினேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால், பின்பக்கம் புதிதாக ஒட்டியிருந்தது. மறுபடியும் உள்ளே.

"மதினி, நாலு பேர எறக்கிவிட்டுப் பத்துப் பேர ஏத்திட்டு வாரீக. மினிபஸ்காரன் தோத்தான்" என்று நாத்தனார் சிரித்தாள்.

"சும்மா இருடி, பின்னால இன்னும் ஒட்டியிருக்கான்னு பாரு."

கடைசியில் எல்லைக் கல்லுக்கு வெளியே நின்று, கரையை மட்டும் காட்டுப் பக்கம் நீட்டிப் பிய்த்தேன். என் கால் வெளியே, சேலை உள்ளே. அப்படியானால் முள் வெளியே வந்துவிட்டதா, வரவில்லையா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

அந்நேரம் மகள் போன் பண்ணினாள். "கும்பிட்டாச்சாம்மா? எனக்கு என்ன கேட்ட?"

அப்போதுதான் உறைத்தது. முள்ளைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. அம்மனிடம் மகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "இரு தாயி, பெறகு கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டேன்.

"பஸ் வருது, வாங்க மதினி."

"நீ வேணாப் போ. நான் இன்னும் கேக்கவே இல்லடி" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் நடந்தேன்.